“வெருட்டத்தான் வெடி வைச்சனான்”: வாசகர் சட்டக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: உயிரைக் காக்கச் சுட்டால் அது கொலையா? அதனால் காணி உறுதி, தாபரிப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த நான்கையும் எடுக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தம்பி குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர். கதிர் முற்றினால் பன்றிக் காவலுக்கு இரவில் கொட்டிலில்தான் படுப்பார். மாசி மாதம் ஒரு நாள் இரவு ஒருவர் கத்தியோடு கொட்டிலுக்கு வந்து வெட்ட ஓங்கியிருக்கிறார். தம்பி துவக்கால் சுட்டுவிட்டார். ஒரே வெடிதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்துபோனார். மாடு வயலுக்குள் இறங்கியதில் இருவருக்கும் முன்பே பிரச்சினை இருந்தது. துவக்கு அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்த பிறகு அனுமதிப்பத்திரத்தை மாற்றவில்லை. தம்பி பயத்தில் பொலிஸாரிடம் ‘பன்றி என்று நினைத்துச் சுட்டேன்’ என்று சொல்லிவிட்டார். இப்போது விளக்கமறியலில் இருக்கிறார். ஊரில் சிலர் அதையே கடைசிவரை பிடித்து நிற்கச் சொல்கிறார்கள். தற்காப்புக்குச் சுட்டவருக்கு ஏன் கொலை வழக்கு? அவர் எதைச் சொல்ல வேண்டும்?
— ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை முதலில் அவருடைய சட்டத்தரணியிடம், ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பன்றி’ என்பது அவரைக் காப்பாற்றும் என்று ஊரில் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவருக்கு எதிராகத்தான் வேலை செய்யும். ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதில் 89ஆம் பிரிவு தொடக்கம் 99 வரை பதினொரு பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. விபத்து வேறு பிரிவு, 73. இரண்டும் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று சேராதவை. பன்றி என்று நினைத்துச் சுட்டவன் மனிதனைக் கண்டு பயப்படவில்லை. பயம் இல்லை என்றால் தற்காப்புரிமை பிறக்கவே இல்லை. அப்போது விபத்து என்ற வாதம் மட்டும்தான் மிச்சம். விபத்துக்குச் சட்டம் என்ன கேட்கிறது? சட்டபூர்வமான செயலை, சட்டபூர்வமான முறையில், சட்டபூர்வமான கருவியால், போதிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும் என்கிறது. தகப்பன் பெயரில் இருந்து காலாவதியான அனுமதியோடு ஒரு துவக்கு, இருட்டில் ஆளா மிருகமா என்று பாராமல் ஒரு வெடி. இதில் எந்தச் சொல்லை வைத்து உங்கள் தம்பியின் சட்டத்தரணி வாதாடுவார்?

தற்காப்புப் பிரிவுகள் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அனுமதியில்லாத துவக்கை வைத்திருந்தது சுடுகலன் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம், அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கழுத்துக்குக் கத்தி வரும்போது கையில் அகப்பட்டது அனுமதியில்லாத துவக்கு என்பதற்காக உயிரைக் காக்கும் உரிமை போய்விடாது. ‘லைசன்ஸ் இல்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அது பிழை.

ஏன் கொலை வழக்கு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ஆள் சுடப்பட்டு இறந்தால் பொலிஸார் அதைக் கொலை என்றே நீதவானுக்கு அறிக்கை செய்வார்கள். தற்காப்பு ஒரு விதிவிலக்கு. விதிவிலக்குப் பொருந்துமா என்று பார்ப்பது வழக்கை விளங்குகிற நீதிமன்றத்தின் வேலை. கொலைச் சந்தேகநபருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். ஆகவே பதினான்கு நாளுக்கு ஒருதரம் நீதவான் நீதிமன்ற வாசலில் நின்று ‘இன்றைக்கு விடுவினமோ’ என்று பார்த்துக்கொண்டிருக்காமல், மேல் நீதிமன்றத்தில் பிணை மனு போடச் சொல்லுங்கள்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். 93ஆம் பிரிவு சொல்கிறது: தாக்குகிறவனால் மரணமோ கடும் காயமோ வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் தற்காப்புரிமை போகலாம். 95ஆம் பிரிவு அந்த உரிமையின் ஆயுளைச் சொல்கிறது. வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓங்கும்போதே, மிரட்டும்போதே அச்சம் நியாயமானதென்றால் உரிமை தொடங்கிவிடும். அச்சம் இருக்கும்வரை இருக்கும். அச்சம் தீர்ந்த கணமே உரிமையும் தீர்ந்துவிடும். நான் பார்த்த துவக்கு வழக்குகளில் வாதம் முழுவதும் இந்த ஒரு சில நொடிகளைப் பற்றியதுதான். அவன் முன்னுக்கு வந்துகொண்டிருந்தானா, திரும்பிவிட்டானா? கத்தி கையில் இருந்ததா, கீழே விழுந்துவிட்டதா?

அந்த நொடிகளுக்கு வாய் இல்லை, ஆனால் உடம்பில் எழுதியிருக்கும். தோட்டாவுக்குள் இருக்கும் சன்னங்கள், அதாவது சின்னக் குண்டுகள், குழலை விட்டுக் கிளம்பும்போது ஒரு கட்டாகவே கிளம்பும். மிகக் கிட்டத்தில் சுட்டால் உடம்பில் ஒரே துளை, ஓரம் கருகியிருக்கும், தோட்டாவின் அடைப்புக்கூடக் காயத்துக்குள் கிடக்கும். தூரம் கூடக் கூடச் சன்னம் பரவும். நடுவில் ஒரு பெரிய துளையும் சுற்றிவரச் சின்னத் துளைகளும் வரும், இன்னும் தள்ளிப் போனால் நெஞ்சு முழுக்கப் புள்ளிபோட்டது போல இருக்கும். சட்ட வைத்திய அதிகாரி இதையெல்லாம் அளந்து பிரேத பரிசோதனை அறிக்கையில் எழுதுவார். உங்கள் தம்பி ‘இரண்டு முழத்தில் நின்று ஓங்கினார்’ என்று சொல்லி, சன்னம் ஒரு சுளகு அகலத்துக்குப் பரவியிருந்தால், வழக்கு அந்த இடத்திலேயே ஆடிப்போகும். ஒரே துளையாக முன்புறத்தில் இருந்தால் அந்த அறிக்கைதான் அவருக்கு முதல் சாட்சி. அவருடைய சட்டத்தரணி அந்த அறிக்கையைக் கையில் எடுக்காமல் எந்தக் கதையையும் கட்டக்கூடாது.

இன்னொன்று, இதை உடனே செய்யுங்கள். உங்கள் தம்பியின் கையில், தோளில் வெட்டோ கீறலோ இருந்ததா? கைதான அன்று அவரைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டினார்களா? விளக்கமறியலுக்குப் போனபோது சிறைச்சாலை வைத்தியர் என்ன பதிந்தார்? ஒரு சின்னக் கீறலுக்கு இரண்டு கிழமையில் அடையாளமே இருக்காது, பதிவு மட்டும்தான் இருக்கும். அதேபோலக் கத்தி எங்கே கிடந்தது, யார் எடுத்தார்கள், வரைபடத்தில் குறித்தார்களா என்று கேளுங்கள். மாட்டுப் பிரச்சினைக்கு முன்பு பொலிஸில் முறைப்பாடு போட்டிருந்தால் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து வையுங்கள். அந்தப் பழைய பகை இரண்டு பக்கமும் இழுக்கும். ‘பகை இருந்தது, அதனால் கொன்றான்’ என்பார் அரச சட்டத்தரணி. ‘பகை இருந்தது, அதனால்தான் கத்தியோடு வந்தவரைக் கண்டதும் உயிர்ப்பயம் வந்தது’ என்பார் உங்கள் பக்கத்தவர். யார் முதலில் முறைப்பாட்டுக்குப் போனார் என்பதே சிலவேளை தீர்த்துவைக்கும்.

வயல் கொட்டிலை வீடு என்று சொல்லலாமா என்றும் சட்டத்தரணி யோசிப்பார். 96ஆம் பிரிவு இரவில் வீடுடைத்து வருபவனுக்கு எதிராக மரணம் வரைக்கும் உரிமை தருகிறது. கொட்டிலில் அவர் படுத்துறங்கினார் என்றால் ‘மனிதர் வசிக்கும் கட்டிடம் அல்லது கூடாரம்’ என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் கதவே இல்லாத கொட்டிலை ‘உடைத்தார்’ என்பது கஷ்டமான வாதம். நான் என்றால் 93ஐத்தான் முன்னுக்கு வைப்பேன். நெல்லைக் காப்பாற்றச் சுட்டேன் என்று மட்டும் ஒருபோதும் சொல்லக்கூடாது. நெல்லுக்காக ஓர் உயிரை எடுக்கச் சட்டம் எந்தப் பிரிவிலும் விடவில்லை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இது பலருக்குத் தெரியாது. கொலையை நிரூபிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் தற்காப்பு என்று சொன்னால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி அதை நிரூபிப்பது எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பொறுப்பு. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தற்காப்பாக இருக்கலாமோ என்ற சந்தேகம் மட்டும் போதாது, அப்படி நடந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று எதிரி காட்ட வேண்டும். தராசு கொஞ்சமாவது அவர் பக்கம் சாய வேண்டும். ஆகவே கூண்டில் நின்று சத்தியம் செய்யாமல் ஒரு கூற்றைச் சொல்லிவிட்டு இறங்குவதா, சாட்சிக் கூட்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுப்பதா என்பது பெரிய முடிவு. முதலாவது சுலபம். ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்படாத பேச்சுக்கு அந்த அளவுக்குத்தான் பெறுமதி.

தராசு முழுதாகச் சாயாவிட்டாலும் எல்லாம் போய்விடாது. தற்காப்புரிமை இருந்தது, ஆனால் நல்லெண்ணத்தோடு அதன் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று நீதிமன்றம் கண்டால், 294ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்குப்படி அது கொலை இல்லை, கைமோசக் கொலை. இந்த வித்தியாசம் சின்னதில்லை. கொலைக்குத் தண்டனை மரணம். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனாலும் தீர்ப்பில் அதைத்தான் எழுதுவார்கள். கைமோசக் கொலைக்கு 297ஆம் பிரிவில் உச்சம் 20 வருடம், சில வகைக்கு 10 வருடம். எவ்வளவு என்பது நீதிபதியின் கையில்.

சரி, பொலிஸாரிடம் சொன்ன ‘பன்றி’யை என்ன செய்வது? பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது, அது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆனால் ஒப்புதல் அல்லாத கூற்றை, அவர் சாட்சி சொல்லும்போது முரண்பாடாகக் காட்டலாம். காட்டுவார்கள். அப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் நேராகச் சொல்வது. வன்னியில் நள்ளிரவில் சீருடையைக் கண்ட ஒருவருக்கு என்ன பயம் வரும் என்பதை இங்கே இருக்கும் எந்த நீதிபதிக்கும் விளங்கப்படுத்த முடியும். ஆனால் அதை முதல் சந்தர்ப்பத்திலேயே சொல்ல வேண்டும். வழக்கு மூன்று வருடம் ஓடிய பிறகு சொன்னால் அது சட்டத்தரணி சொல்லிக்கொடுத்தது போலத்தான் கேட்கும்.

முதல் வாக்குமூலத்தைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், சட்டத்தரணியாவதற்கு முன் நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தவன். ஒரு வழக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. காட்டோரக் கிராமத்து வயோதிபர் ஒருவர். அவர் பொலிஸுக்குச் சொன்னது ஒரே வசனம்: “வெருட்டத்தான் வெடி வைச்சனான்.” எங்கள் பக்கத்தில் வெடி வைக்கிறது என்றால் சுடுகிறது. மானுக்கு வெடி வைச்சான், கொக்குக்கு வெடி வைச்சான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதியவர், வெடிமருந்தைப் புதைத்து வைத்ததாக எழுதிவிட்டார். மேல் நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி எழுந்து, எதிரி அன்றைக்கு வெடிபொருள் வைத்ததாகச் சொன்னார், இன்றைக்குச் சுட்டதாகச் சொல்கிறார், எது உண்மை என்று கேட்டார். நான் எழுந்து, இரண்டும் ஒரே சொல்தான் என்று விளக்கப் பார்த்தேன். உரைபெயர்ப்பாளன் சாட்சி சொல்ல முடியாது என்று உட்கார வைத்தார்கள்.

நீதிபதி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்தப் பெரியவரிடம், “வெடி வைத்ததைக் கையால் காட்டுங்கள்” என்றார். அவர் கூண்டுக்குள் ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, இடக் கையை முன்னுக்கு நீட்டி, இல்லாத துவக்கின் கட்டையில் கன்னத்தைச் சாய்த்து, இடக் கண்ணை மூடினார். மன்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கை நடுங்கியது மட்டும் தெரிந்தது. நீதிபதி குனிந்து எழுதினார். புதைத்து வைத்த வெடிக்கும், முன்னால் வருகிறவனைப் பார்த்து வைத்த வெடிக்கும் இடையில் சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தை ஒரு சொல் விழுங்கப் பார்த்தது.

அதே வசனத்தில் ‘வெருட்டத்தான்’ என்ற சொல்லும் அவரை விடவில்லை. வெருட்டினால் போதும் என்ற நிலைமையென்றால் ஏன் வானத்தைப் பார்த்துச் சுடவில்லை, வெருட்டச் சுட்டது எப்படி நெஞ்சில் பட்டது என்று குறுக்கு விசாரணை அரை நாள் போனது. நல்லவர் என்று காட்ட வேண்டும் என்பதற்காக நாங்கள் சேர்க்கும் சொற்கள் பிறகு எங்களுக்கே வினையாகின்றன. பயந்தால் ‘பயந்தேன்’ என்று சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய சொல் இல்லை, 93ஆம் பிரிவு தேடுவதே அந்தச் சொல்லைத்தான்.

வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். 1988இல் 16ஆம் திருத்தத்தோடு அது அரசியலமைப்பில் உறுதியானது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, உயர்தரம் எழுதிவிட்டுச் சட்டம் படிக்க நினைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 17 வயதுப் பையன் ஒருவன் ஆர்ப்பாட்டத்தில் ரைபிளால் இருவரைச் சுட்டுக் கொன்றும் விடுதலையானதை வீடியோவில் பார்த்தேன். நீதிமன்றம் எப்படி அப்படித் தீர்ப்புச் சொல்லியது? இங்கே என்றால் என்ன நடக்கும்?
— கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவன்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது கைல் ரிட்டன்ஹவுஸ் வழக்கு. 2020 ஓகஸ்ட் 25 இரவு, விஸ்கொன்சின் மாநிலத்து கெனோஷா நகரம். பொலிஸார் ஒரு கறுப்பின மனிதரைச் சுட்டதற்கு எதிரான ஆர்ப்பாட்டம் கலவரமாகியிருந்தது. கடைகளைக் காக்க வந்தேன் என்று சொன்ன இந்தப் பையன் மூன்று பேரைச் சுட்டான். இருவர் இறந்தார்கள், ஒருவர் காயப்பட்டார். 2021 நவம்பர் 19 ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவனை விடுவித்தது.

அரச தரப்பு வாதம் இது: ஆபத்தை உண்டாக்கியவனே அவன்தான். ரைபிளோடு கலவரத்துக்குள் போய், ஆளைக் குறிவைத்துக் கோபமூட்டிவிட்டுப் பிறகு தற்காப்பு என்று சொல்ல முடியாது. முதல் ஆளைச் சுட்ட பிறகு அவனைத் துரத்தியவர்கள், கொலைகாரன் ஒருவனைப் பிடிக்க முயன்றவர்கள். எதிர்த் தரப்பு வாதம்: முதலாமவர் துரத்தி வந்து துவக்கைப் பறிக்கப் பார்த்தார், இரண்டாமவர் சறுக்குப் பலகையால் அடித்தார், மூன்றாமவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. அந்த மூன்றாமவர் உயிர் தப்பியவர். அவரே சாட்சிக் கூட்டில், தன் கைத்துப்பாக்கி பையனை நோக்கித் திரும்பியபோதுதான் அவன் சுட்டான் என்று ஒப்புக்கொண்டார். அரச தரப்புச் சாட்சியே அப்படிச் சொன்னால் வழக்கு எங்கே நிற்கும்?

ஆனால் உண்மையான வித்தியாசம் அங்கேயும் இல்லை. மேலே தங்கச்சிக்கு எழுதிய அந்தப் பொறுப்பை நினைத்துப் பாருங்கள். விஸ்கொன்சினில் தற்காப்பை எதிரி நிரூபிக்கத் தேவையில்லை, தற்காப்பு இல்லை என்பதை அரசாங்கம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். இங்கே சுமை மற்றத் தோளில். அதே சாட்சி, அதே வீடியோ என்றாலும், ‘சொல்ல முடியாது, அப்படியும் இருக்கலாம்’ என்று ஒருவர் நினைத்தால் அங்கே விடுதலை, இங்கே எதிரி தோற்றுப்போகலாம். தீர்ப்பைப் பார்த்து அந்த ஊர் அவன் செய்ததைச் சரி என்றது என்று எடுக்காதீர்கள். அரசாங்கம் தன் சுமையைத் தூக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அந்த வீடியோவோடு நிற்காமல் இன்னொரு வழக்கையும் படியுங்கள். ரிட்டன்ஹவுஸ் விடுதலையாகி ஐந்தாவது நாள், நவம்பர் 24, ஜோர்ஜியா மாநிலத்தில் மூன்று வெள்ளையர்களை ஜூரி கொலைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2020 பெப்ரவரி 23 அமாட் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞன் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். களவெடுத்தவன் என்று சந்தேகித்து வாகனங்களில் துரத்தி மறித்தார்கள். அவன் துவக்கைத் தள்ளப் பார்த்தபோது அவர்களில் ஒருவர் சுட்டார். அவர்களும் தற்காப்பு என்றுதான் சொன்னார்கள். பொதுமகன் கைது செய்யலாம் என்ற 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துணைக்கு இழுத்தார்கள், அந்த மாநிலம் அதை 2021இல் நீக்கிவிட்டது. துவக்கோடு துரத்திப் போய் ஒருவனை மூலைக்குள் மடக்கிவிட்டு, அவன் திமிறினான், பயந்துவிட்டோம் என்று சொன்னதை ஜூரி ஏற்கவில்லை. அந்தச் சண்டையில் தற்காப்புரிமை யாருக்காவது இருந்ததென்றால் அது ஆர்பெரிக்கு. இந்த ஒன்று உங்களுக்கு விளங்கிவிட்டால் சட்டப் பரீட்சையில் பாதி விளங்கிவிடும்.

எங்கள் 1883ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டத்துக்குள் சுடுவதைக்கூட யோசித்து வைத்திருக்கிறது. 99ஆம் பிரிவின் உதாரணத்தில், ஒருவனைக் கொல்ல வரும் கூட்டத்துக்குள் சின்னப் பிள்ளைகளும் கலந்து நிற்கிறார்கள். சுடாமல் தப்ப வழியே இல்லையென்றால், ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தாலும் அவன் குற்றம் செய்யவில்லை என்கிறது. பிள்ளைகள் நடுவில் நின்ற காலங்களைப் பார்த்த ஊர்க்காரனாக அந்தப் பிரிவை என்னால் மனம் கலங்காமல் ஒருநாளும் வாசிக்க முடிந்ததில்லை. ‘வழியே இல்லையென்றால்’ என்ற சொற்களில்தான் அதன் முழுப் பாரமும் இருக்கிறது. படிக்கும்போது அதன் கீழே கோடு போடுங்கள்.

கேள்வி: பன்றிக்குக் கட்டுத்துவக்குக் கட்டியிருந்தேன். என் காணிக்குள்தான். களவாக விறகு வெட்ட வந்தவர் காலில் பட்டுவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. என் காணியைக் காக்க எனக்கு உரிமை இல்லையா?
— செட்டிகுளம் வாசகர்

பதில்: இல்லை அண்ணை. கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு சட்டவிரோதம், அது முதல் விடயம். தற்காப்புரிமை என்பது ஓர் ஆளைக் கண்டு வரும் அச்சத்தில் பிறப்பது. கம்பிக்கு அச்சம் இல்லை. வந்தது பன்றியா, விறகுக்கு வந்தவரா, பந்து தேடி வந்த பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. விறகுக் களவுக்குக் காலை எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை, 92ஆம் பிரிவு தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கையும் அனுமதிக்கவில்லை. அவர் செத்திருந்தால் நீங்கள் இப்போது எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். வேறு கம்பி எங்கேயாவது கட்டியிருந்தால் இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே போய் அவிழுங்கள். காயப்பட்டவரின் வைத்தியச் செலவையும் பாருங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை.

கேள்வி: ஐயா, கணவர் 2009இல் இல்லாமல் போனவர். இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். சில இரவுகளில் யாரோ வேலியைப் பிரித்து வருகிறார்கள், கூரை ஓடு ஒன்றை ஒருமுறை கழற்றியிருந்தார்கள். தலைமாட்டில் கத்தி வைத்துத்தான் படுக்கிறேன். அதால் வெட்டி ஏதாவது ஆனால் என்னை மறியலில் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.
— புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் இதைக் கேளுங்கள்: சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது, அரைகுறையாக இல்லை, முழுமையாக நிற்கிறது. இரவில் வீடுடைத்து உள்ளே வருபவனுக்கு எதிராக 96ஆம் பிரிவில் மரணம் விளைவிக்கும் அளவுக்கும் உரிமை உண்டு. பாலியல் வன்புணர்வு செய்யும் நோக்கத்தோடோ, ஆளைக் கடத்தும் நோக்கத்தோடோ தாக்க வருபவனுக்கு எதிராக 93ஆம் பிரிவிலும் அதே உரிமை உண்டு. உங்களுக்கு மட்டுமில்லை, உங்கள் பிள்ளைகளின் உடலைக் காக்கவும் அந்த உரிமை உங்களுக்குத்தான். கத்தியா துவக்கா உலக்கையா என்று சட்டம் பார்க்காது. அப்படி ஒன்று நடந்தால் விசாரணை வரும், அதை நான் மறைக்கவில்லை, முதல் நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ‘வெட்டினால் மறியல்தான்’ என்று சொல்கிறவர்கள் உங்கள் கையைத்தான் கட்டுகிறார்கள்.

எல்லை எங்கே என்றும் சொல்ல வேண்டும். வேலிக்கு வெளியே நிற்பவனைத் தேடிப் போய் வெட்ட முடியாது. உள்ளே வந்தவன் திரும்பி ஓடினால் பின்னால் துரத்திப்போக வேண்டாம், கதவைப் பூட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வேலை பிள்ளைகளோடு இருப்பது.

92ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பொலிஸாரின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கிறது. நள்ளிரவில் ஓட்டைக் கழற்றும்போது அந்த அவகாசம் யாருக்கும் இல்லை. ஆனால் பகலில் இருக்கிறது. அதனால் நாளைக்கே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு போடுங்கள், தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வாருங்கள். அது உங்களுக்கு இரண்டு விதத்தில் உதவும். வருகிறவனுக்குச் செய்தி போகும். பிறகு ஏதாவது நடந்தால், உங்கள் அச்சம் அன்றைக்கு இட்டுக்கட்டியது இல்லை, மாதக்கணக்காக இருந்தது என்பதற்கு அந்த இலக்கம் சாட்சி. முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், அங்கே காசு கேட்கமாட்டார்கள். 119 பொலிஸ் அவசர இலக்கம், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். இரண்டையும் மூத்த பிள்ளையின் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

அடுத்தமுறை வேலியோ ஓடோ கலைந்திருந்தால் உடனே சரிசெய்ய வேண்டாம். விடிந்ததும் அப்படியே படம் எடுங்கள், மண்ணில் கால் தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு சீப்பையோ தீப்பெட்டியையோ வைத்து அளவு தெரியும்படி எடுங்கள். படத்தை உங்கள் கிராம அலுவலருக்கும் காட்டி, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை நனையாத இடத்தில் வையுங்கள்.